புன்னைக்குப்பத்து ஈரக்கால்கள்

ஒரு விடுகதை போடுகிறேன். காலில்லாமல் நடந்து வரும், கூப்பிட்டவர் வாசலில் நிற்காது, கூப்பிடாதவர் கூரையில் ஏறும். அது என்ன?

விடை தெரிந்தாலும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். புன்னைக்குப்பத்தில் அந்த வாரம் முழுவதும் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த நிமிஷத்திலிருந்து அதை இறக்கும் வரைக்கும் அந்த ஊரில் அதற்கு 'வெளியூர்க்காரர்' என்றுதான் பெயர். இன்னொரு வழக்கமும் உண்டு. கூண்டு ஏறியிருக்கும் நாட்களில் கடலின் காதில் விழுகிற இடத்தில் யாரும் யாரையும் 'வா' என்று கூப்பிடுவதில்லை. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற தாய் 'சோறு ஆறுது' என்பாள், வாசலில் வந்து நிற்கிற சம்பந்தியைப் பார்த்து 'உக்காருங்க' என்பார்கள், நாயைக் கூப்பிட விசில் அடிப்பார்கள். எந்தச் சொல்லையும் தனக்குச் சொன்னதாகவே கடல் எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். கடலிலிருந்து நாற்பது அடியில் குடியிருப்பவர்களின் எண்ணத்தை நாம் குறை சொல்ல முடியாது.

அந்த ஊரில் அலைச்சறுக்குக் கற்றவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். பெரியவன் பார்த்திபன், வயது இருபத்தாறு, பகலில் வண்டி ஓட்டுபவன். சின்னவள் யுவராணி, வயது பன்னிரண்டு, எட்டுப் பேரில் ஒரே பெண். எப்போதோ வந்து தங்கிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச் சென்ற பலகைகளும், அவற்றைப் பார்த்துப் பார்த்து இவர்கள் செய்துகொண்ட பலகைகளுமாக, ஓலைக் கொட்டகை ஒன்றில் பதினோரு பலகைகள் சாய்ந்து நிற்கும். வருஷத்தில் பத்து மாதம் அங்கே அலை முழங்காலுக்கு மேல் வராது. வந்தாலும் எழுந்த இடத்திலேயே பொத்தென்று விழுந்துவிடும். பலகையில் நின்று கரை வரைக்கும் போகத்தக்க நீண்ட அலை வேண்டுமென்றால், வெகு தொலைவில், நடுக்கடலில், வெளியூர்க்காரர் திரும்பிப் படுக்க வேண்டும். அவர் ஊருக்குள் வரக்கூடாது, ஆனால் வருவது போல வர வேண்டும். இதுதான் அந்த எட்டுப் பேரின் வேண்டுதல், இதை அவர்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் அப்படி ஒரு அலை வந்தபோது பார்த்திபன் யுவராணியைக் கரையிலேயே நிறுத்திவிட்டான். "அடுத்த வருஷம் இறங்கு. உன் தோளு இன்னும் கொஞ்சம் அகலமாகட்டும்" என்றான். அவள் ஒரு வருஷமாகத் தோள் அகலமாவதற்காகத் தண்ணீர்க் குடம் சுமந்தாள், வலைக்கட்டு சுமந்தாள், பள்ளிக்கூடத்தில் தோழிகளின் பைகளையும் சேர்த்துச் சுமந்தாள்.

ஐப்பசியின் கடைசி வெள்ளிக்கிழமை விடியலில் அவளுடைய அப்பா தேசிங்கு இன்னும் ஐந்து பேரோடு ஆழ்கடலுக்குப் போனார். போய் ஐந்து நாள் தங்கிப் பிடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூண்டு ஏறியது. பார்த்திபன் தன் செல்போனில் காற்று வரைபடத்தைத் திறந்தான். நீலமாக இருக்க வேண்டிய கடலின் நடுவே ஊதா நிறத்தில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் மீன் ஏலக்கூடத்தில் பெரியவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊதாவைப் பார்த்து ஒருவர் தலையில் கைவைத்தார். கொட்டகையில் ஊதாவைப் பார்த்து ஒருவன் கால் வழுக்காதிருக்கப் பலகைக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்தான்.

அன்று மாலை எட்டுப் பேரும் அலைகளுக்கு அப்பால் போய்ப் பலகைமேல் கால் தொங்கவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அலை வராத நேரத்தில் உள்ளங்கையால் தண்ணீரை அடிப்பது அவர்கள் வழக்கம். அந்த வெள்ளைக்காரர் சும்மா அடித்தார், வாயைத் திறக்கவில்லை. அடிக்கு ஒரு சொல் வேண்டுமென்று சேர்த்துக்கொண்டவர்கள் இவர்கள். அடிக்கு ஒரு 'வா'. மற்ற நாட்களில் அதில் தப்பில்லை. அன்று கூண்டு ஏறியிருந்தது என்பது எட்டுப் பேருக்கும் தெரியும், தெரிந்தும் முதலில் ஒருவன் மெல்லச் சொன்னான், பிறகு இரண்டு பேர், பிறகு எல்லோரும். அவர்களில் சத்தமாகச் சொன்னவள் யுவராணி. ஒரு வருஷத்துக் குடமும் வலையும் பைகளும் அவள் குரலில் இருந்தன. அப்பா கடலில் இருக்கிறார் என்பது அவளுக்கு மறந்துபோகவில்லை, ஞாபகமும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் பாயிலிருந்து எழுந்து நின்றபோது தரையில் இரண்டு பாதம் ஈரமாகப் பதிந்தது. துடைத்தாள். மறுபடி நனைந்தது. தாவணியால் அழுத்தி, அடுப்படியில் காட்டி, கோதுமை மாவைத் தூவிப் பார்த்தாள். மாவு பிசைந்ததுதான் மிச்சம். நாக்கில் தொட்டுப் பார்த்தால் கடல் தண்ணீர். நடந்த இடமெல்லாம் தடம், தடம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்பு.

"விடியக்காலையிலேயே கடலுக்குப் போனியா?" என்று அதட்டினாள் அம்மா கோமளா.

"குளிச்சேன்" என்றாள் யுவராணி.

பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் பூங்காவனத்தின் இட்லிக்கடையைத் தாண்ட வேண்டும். பூங்காவனம் மாவுக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள், மணலில் பதிந்திருந்த ஈரத்தைப் பார்த்தாள், அதற்கு முன்பு அதே வழியில் போன பார்த்திபனின் ஈரத்தையும் பார்த்தாள், "கூப்ட்டிருக்குதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடை வாசலில் ஒரு சாக்கை விரித்துவிட்டு அடுத்த ஈடு இட்லியைத் தட்டில் கவிழ்த்தாள். அதிசயத்தைப் பற்றி அந்த ஊரில் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான். கூப்பிட்டவர் கால் நனையும். இது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் போலவும், இத்தனை நாள் நனையாமல் இருந்ததுதான் கேட்க வேண்டிய கேள்வி போலவும் அவர்கள் நடந்துகொண்டார்கள்.

சாயங்காலம் ஊர்த்தலைவர், நாட்டார் அரிகிருஷ்ணன், ஏலக்கூடத்தில் ஊரைக் கூட்டினார். எட்டுப் பேரும் மீன் கொட்டுகிற சிமெண்ட் தரையில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கால்களிலிருந்து கிளம்பிய தண்ணீர் மீன் கழுவுகிற சாக்கடையைத் தேடிப்பிடித்து ஓடியது. தேசிங்கின் படகிலிருந்து வயர்லெஸில் ஒரு நாளாகச் சத்தமே இல்லை.

"பார்த்தி, கூப்ட்டியாடா?"

"இல்ல நாட்டாரே. வண்டி கழுவினேன்."

"நீ?"

"வீட்டுல குழா ஒழுவுது."

"யுவராணி, நீ சொல்லும்மா. உங்கப்பன் வெளிய கீறான். நீ கூப்ட்டியா?"

"குளிச்சேன்" என்றாள் யுவராணி.

"எந்தக் குளியல்டி காலை மட்டும் நனைக்குது?" என்று பூங்காவனம் கேட்டாள். கூட்டம் சிரித்தது. பார்க்கத் தகாத ஒன்றைப் பார்ப்பது போல அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோமளா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் மகளின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கோமளா அன்று செருப்புக்குள் பாலித்தீன் பை சுற்றியிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்க வேறு விஷயம் கிடைத்துவிட்டது. தீர்ப்புச் சொல்வதற்காக நாட்டார் மேடையிலிருந்து இறங்கினார். எப்போதும் வெறுங்காலோடு நடக்கிறவர் அன்று முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் களக் களக் என்று சத்தம் வந்தது.

"நாட்டாரு பூட்சுக்குள்ள மீனு வளக்குறாரா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாட்டார் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு வாளி தண்ணீர் இருக்கும். ஊருக்குக் கல் தடுப்பு கட்டித் தரச் சொல்லி ஏழு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். வெளியூர்க்காரர் வந்து நாலு வீட்டை இடித்துவிட்டுப் போனால்தான் ஜீப்பில் அதிகாரிகள் வருவார்கள், அளவெடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். "கூழுக்கு வெங்காயம் வெட்டசொல்ல கண்ணுல தண்ணி வந்துச்சு, அதான் எறங்கிடுச்சு" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் தன் காலைக் காட்டச் சொல்வாரோ என்ற பயம். ஏனென்றால் அதற்குள் ஏலக்கூடத்தின் தரை முழுவதும் ஈரமாகிவிட்டிருந்தது, அந்த ஈரம் எட்டுப் பேருடையது மட்டுமல்ல. லீவு கிடைக்கட்டும் என்று நினைத்த பிள்ளைகள், அதையே நினைத்த வாத்தியார், பழைய வீடு விழுந்தால் புது வீடு கிடைக்கும் என்று நினைத்தவர், முகாமில் மூன்று நாள் யாராவது பொங்கிப் போட்டுத் தான் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்த பூங்காவனம். கூட்டம் தீர்ப்பில்லாமல் கலைந்தது. எல்லோரும் காலை இழுத்து இழுத்து, அவரவர் தடத்தை அவரவரே அழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. எல்லா வாசலிலும் சாக்கு விரித்திருந்தது. ரேஷன் கடைக்காரர் அரிசி மூட்டையைப் பலகைமேல் தூக்கி வைத்தார். கோயிலில் பூசாரி, 'கால் கழுவிட்டு உள்ள போங்க' என்ற தகட்டை ஆணி பிடுங்கி எடுத்து வைத்தார். அடுத்தவர் காலைப் பார்ப்பதில்லை என்று யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் வந்தது, அதனால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வலை பின்னுகிற எல்லப்பனுக்கு மட்டும் கால் காய்ந்திருந்தது. ஒரு நாள் முழுவதும் அதைத் தெருத்தெருவாகக் காட்டினான். மறுநாள் யாரும் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பூங்காவனம் பார்த்தாள். பார்க்காதது போல வந்துவிட்டாள்.

அம்மாவின் கால் விஷயம் யுவராணிக்குத் தெரிந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கோமளா கதவை ஒருக்களித்துவிட்டு, இட்லி மாவு கரைக்கிற குண்டானில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குண்டான் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது.

"நீயும் கூப்ட்டியா?" என்றாள் யுவராணி.

"நான் எங்கடி கூப்ட்டேன்?" என்றாள் கோமளா. "அன்னிக்கு விடியல்ல உங்கப்பா கௌம்பசொல்ல, ஒரு கூண்டு ஏத்தித் தொலைச்சா இந்த மனுஷன் ஒரு வாரம் ஊட்ல இருப்பான் இல்லன்னு நெனைச்சேன். கரையில நின்னுகினு நெனைச்சேன். அதுக்குள்ள படகு போயிடுச்சு. நெனைச்சது மட்டும் இருந்துச்சு."

யுவராணி இன்னொரு பாத்திரம் எடுத்து வந்து பக்கத்தில் போட்டு, தன் காலையும் வைத்துக்கொண்டாள். முதுகில் அடித்த கையைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, அப்பாவைப் பற்றி மகளும் பேசவில்லை. இரண்டு பாத்திரமும் நிரம்பின.

புதன்கிழமை கடல் பழுப்பாகி, இரைச்சலாகி, கட்டுமரம் வைக்கிற மேட்டைத் தாண்டி வந்து தொட்டுவிட்டுப் போனது. ஊர் பள்ளிக்கூடத்தில் கூடியது. வெளியூர்க்காரர் வரவில்லை. புன்னைக்குப்பத்திலிருந்து நூறு மைல் தள்ளி நின்று, யாரோ முகவரி சொன்னது போலத் தெற்கே திரும்பினார். வியாழக்கிழமை காலையில் பூங்காவனத்தின் கடை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். தெற்கே ஏதோ ஒரு குப்பம். கூரைகள் இல்லை. கூரை இருந்த இடத்தில் வானம். தலையில் அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் தண்ணீருக்குள் எதையோ காலால் தேடிக்கொண்டிருந்தாள். கேமரா கீழே இறங்கி, மேடான இடத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரின் பாதத்தைக் காட்டியது. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், அந்தப் பாதம் வெடித்துக் காய்ந்திருந்தது.

"ஆஃப் பண்ணு" என்றார் நாட்டார். பூங்காவனம் ஆஃப் பண்ணவில்லை. எல்லோரும் நின்று முழுவதும் பார்த்தார்கள். கடையின் தரையில் அரை அங்குலம் தண்ணீர் நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை இல்லை. நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலைப் பார்த்து வீசியது. அடிவானத்திலிருந்து வரிசை வரிசையாக, கோடு போட்டு வரைந்தது போல, அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், வடமுனையில் மடிய ஆரம்பித்துத் தெற்கே கோயில் வரைக்கும் மெதுவாகச் சுருண்டுகொண்டே போகிறது. பச்சை, உள்ளே மீன் திரும்புவது தெரிகிறது. புன்னைக்குப்பத்தில் அப்படி ஒரு அலை வந்ததே இல்லை. பத்து மணிக்குக் கடல்காற்று வந்தால் அது கலைந்துவிடும். எட்டுப் பேரும் கரையில் நின்றார்கள், ஒருவரும் இறங்கவில்லை. பார்த்திபன் தன் பலகையையும் யுவராணியின் நீலப் பலகையையும் மணலில் குத்தி நிறுத்தியிருந்தான்.

ஏழரை மணிக்குப் பூங்காவனத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அந்தப் பக்கம் தேசிங்கு.

"உசிரோட கீறோம். ஆறு பேரும். படகு ஒடைஞ்சு கரையில ஏத்தி உட்டுருச்சு" என்றார். எங்கே என்று கேட்டார்கள். டிவியில் பார்த்த அதே ஊர்தான். அங்கே ஒரு வீட்டில் இரண்டு நாளாக வைத்திருக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், அந்த வீட்டுக்கே பாதிக் கூரைதான் இருக்கிறது. "வண்டி அனுப்புங்க. தார்ப்பாய் இருந்தா அள்ளிப் போட்டு அனுப்புங்க. நம்ம ஊர்ல எப்படி?"

கோமளா அழுதுமுடித்து, மூக்கைத் துடைத்து, "இங்க ஒண்ணுமில்ல. அலை மட்டுந்தான்" என்றாள்.

நாட்டார் தன் மீன் டெம்போவை எடுக்கச் சொன்னார். ஊரில் இருந்த தார்ப்பாயெல்லாம் ஏறியது, அரிசி ஏறியது. ஆட்கள்தான் ஏறவில்லை. கூரை கட்டத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருந்தும், அந்த ஊருக்குள் ஈரக்காலோடு இறங்குவதை நினைத்து ஒருவர் இடுப்பு வலி என்றார், ஒருவர் மாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கோமளா மட்டும் புதிதாக இரண்டு பாலித்தீன் பை சுற்றி, மேலே செருப்பு மாட்டி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். யுவராணி ஏறுகிறாளா இல்லையா என்று எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடித்தார். பார்த்திபன் அவளைப் பார்த்தான். "பத்து மணி வரைக்கும்தான் யுவா" என்றான், அதைச் சொன்னதற்காகவே கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டான்.

அப்போது அந்த நம்பரிலிருந்து மறுபடி போன் வந்தது. பூங்காவனத்தின் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஒரு சிறுமியின் குரல். "தேசிங்கு மாமா பொண்ணு இருக்காளா?"

யுவராணியிடம் கொடுத்தார்கள்.

"நான் இந்த வீட்டுப் பொண்ணு. மாமா உன்னைப் பத்தி நெறைய சொன்னாங்க. நீ பலகை மேல நிப்பியாமே?" பின்னால் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணு கேக்கணும். எங்க ஊர்ல யார் காலும் நனையல. எங்க பெரியவங்க ஒவ்வொருத்தர் காலா தொட்டுப் பாத்துட்டாங்க. அப்புறம் ஏன் இங்க வந்துச்சுன்னு எல்லாரும் உக்காந்து யோசிக்கிறாங்க. உங்க பக்கம் யாராச்சும் கூப்பிட்டீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நாட்டார் யுவராணியைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வாத்தியார் ஆட்டினார். எல்லப்பன்கூட ஆட்டினான். டெம்போவின் முன் சீட்டில் கோமளா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு அலை வடமுனையில் மடிய ஆரம்பித்துக் கோயில் வரைக்கும் போய் முடிந்தது.

"நான் கூப்ட்டேன்" என்றாள் யுவராணி.

ஆணிச் சத்தம் நின்றது.

"எதுக்கு?"

"அலைக்கு."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

பிறகு அந்தக் குரல், கோபமா இல்லையா என்று பிரித்தறிய முடியாதபடி, புன்னைக்குப்பத்தில் ஆறு நாளாக யாரும் யாரிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னது.

"வா. வந்து பாரு."

போனைப் பூங்காவனம் வாங்கி வைத்தாள். டிரைவர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார். கரையில் நீலப் பலகை குத்திவைத்த இடத்திலேயே நின்றது.

யுவராணி டெம்போவில் ஏறினாள். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை.